கனமான உறை

நியூயார்க்கில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலைநாள். பன்னிரண்டாம் மாடிச் சமையலறை ஜன்னலில் பனி வெளிச்சம் சாம்பலாக நிற்கிறது. நோராவைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து சம்பளத்துக்கு வளர்க்கும் வெர்லின், கோட்டை மாட்டிக்கொண்டு புறப்படுகிறாள். குழந்தை பள்ளியில் சேர்ந்த செப்டம்பரிலிருந்து, வேலை நிலைக்குமா என்ற கேள்வியோடுதான் அவள் தினமும் லிஃப்டில் ஏறுகிறாள். நோராவின் அம்மா மிஸ் டேனா நாடா கட்டிய உறையை நீட்டுகிறாள். வருடா வருடம் வருகிற கிறிஸ்துமஸ் பணப் பரிசுதான், இம்முறை கனக்கிறது. “இவ்ளோ எதுக்கு, மிஸ் டேனா?” “வச்சுக்கோங்க வெர்லின்.” டேனா திரும்பி, பளபளக்கும் அடுப்பையே மறுபடி துடைக்கிறாள். “இப்பவே பிரி வெர்லி!” என்று நோரா குதிக்கிறாள். “அடி அவசரக்குடுக்கை! குடுத்தவங்க முன்னாடி பிரிக்கிற வழக்கம் எங்க கரீபியன் தீவுல கிடையாது.” “உள்ள கார்டு இருக்கு. குட்பைன்னு நானே எழுதினேன். அம்மாதான் எழுத்து சொல்லிக் குடுத்தாங்க.” அடுப்பின் மேல் துணி நின்றுவிடுகிறது. ஜன்னலடியில் அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் மட்டும் டக்டக்கென்று தட்டுகிறது. வெர்லின் உறையைக் கைப்பைக்குள் வைத்து மூடுகிறாள். பிறகு மண்டியிட்டு, நோராவின் ஸ்வெட்டர் பொத்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போடுகிறாள். “ஒரு எழுத்துகூட விடாம எழுதினியா?” “விடவே இல்லையே!” “கெட்டிக்காரி” என்கிறாள் வெர்லின், கழுத்துப் பொத்தானில் விரல்கள் நிற்க.