மான்சாவின் வாய்

“இனிமே மான்சா வீட்டு வாசப்படியை மிதிச்சா, நான் டோர்காஸ் இல்லடி!”

போனில் டோர்காஸ் பொரிந்து தள்ளினாள்.

“இப்ப என்னடி ஆச்சு?” தெரிந்துகொண்டே கேட்டேன்.

“என்ன ஆச்சா? நேத்து நான் இன்னும் உள்ளே காலைக்கூட வைக்கல. ‘வாடி ஆரஞ்சுப் பழம்! ஆரஞ்சுத் துணியை உடம்புல சுத்தினது போதாதுன்னு தலையில வேற ஒரு மூட்டையா?’ன்னு கத்துறா. தெருவே திரும்பிப் பார்க்குது. என் மருமக வேற கூட நிக்கிறா. அறுபது வயசுல எனக்கு இது தேவையா எக்குவா?”

தேவையில்லைதான். என்னையும் அவள் விட்டுவைத்ததில்லை.

நான், டோர்காஸ், மான்சா, அராபா நாலு பேரும் கேப் கோஸ்ட் நகரத்து மேட்டுப் பள்ளிக்கூட விடுதியில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தவர்கள். அப்போது மான்சா விடுதித் தலைவி. இப்போது எங்களுக்குப் பேரன் பேத்தி எல்லாம் வந்தாச்சு. அம்மணி மட்டும் இன்னும் பதவியை விட்டு இறங்கவில்லை.

மாதா மாதம் ஒரு சனிக்கிழமை அவள் வீட்டில் கூடுவோம். முன்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தாள். கொஞ்ச காலமாகத்தான் இந்த வியாதி. யாரும் அவள் வீட்டுக்குள் சும்மா நுழைய முடியாது. தலை முதல் கால் வரை ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு வர்ணனை!

“அராபாவைப் பார்த்தாவது கத்துக்கக் கூடாதா அவ?” என்றாள் டோர்காஸ்.

அது நியாயம். அராபாவுக்குப் பள்ளிக்கூடத்திலேயே ‘மகாராணி’ என்றுதான் பட்டப்பெயர். அவ்வளவு அழகு, அவ்வளவு ரோஷம். நேற்றுக்கூட மான்சா ‘ஆரஞ்சுப் பழம்’ என்று கத்திய மறு நிமிஷம், “ஆரஞ்சு உனக்குன்னே நெய்த மாதிரி இருக்குடி” என்றாள். மகாராணியை மான்சாதான் காரில் கூட்டி வந்து, பக்கத்தில் உட்கார வைத்து, மீன் முள்ளைக்கூட எடுத்துக் கொடுப்பாள். எங்களுக்குத்தான் ஏச்சு.

மான்சாவைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தேன்.

“நாற்பத்தஞ்சு வருஷ சிநேகிதம், உன் வாயால அறுந்துடும் போலிருக்கு. அடுத்த தடவை நீ வாயைத் திறந்தேன்னா, நானும் வரமாட்டேன்!”



“சரி. திறக்கல” என்றாள்.

அடுத்த மாதம் டோர்காஸைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனேன். புதுப் பச்சைத் துணி உடுத்தி, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நுழைந்தாள். மான்சா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அராபாவோடு சோபாவில் இருந்தாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் வழக்கப்படி டோர்காஸ் வலது பக்கமிருந்து கைகுலுக்க ஆரம்பித்தாள். மான்சாவுக்கு ஒப்புக்கு ஒரு குலுக்கல். அடுத்து அராபாவிடம் கையை நீட்டினாள்.

அராபா வாசலைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தாள். மடியிலிருந்த கை அசையவில்லை.

நீட்டின கையை வாங்காமல் இருப்பது எங்களுக்குக் கன்னத்தில் அறைவதை விட மோசம். டோர்காஸின் முகம் சுண்டிவிட்டது. போய்விடுவாள், இனி வரவே மாட்டாள் என்று எனக்குப் பக்கென்றது.

“அடியே டோர்காஸ்!” மான்சாவின் குரல் கூரையைத் தூக்கியது. “அராபா முன்னாடி கையை நீட்டிக்கிட்டு எதுக்குடி மரம் மாதிரி நிக்கிறே? பச்சைன்னா பச்சை, கிளி தோத்துச்சு போ! வாசல்ல பாரு எக்குவாவை! ஊதா சுத்திக்கிட்டு, கத்திரிக்காய்க்குக் கால் முளைச்ச மாதிரி!”

அராபாவின் கை சட்டென்று நீண்டது. ஒரு சாண் தள்ளிப் போய், காற்றைத் துழாவி, டோர்காஸின் மணிக்கட்டைப் பிடித்தது.

“பச்சை உனக்கு எவ்வளவு எடுப்பா இருக்குடி டோர்காஸ்! எக்குவா, ஊதாவுல அசத்துறே போ!”

கண் மட்டும் இன்னும் வாசலிலேயே இருந்தது.

மீன் எடுக்கிற சாக்கில் மான்சாவைச் சமையலறைக்கு இழுத்துப் போனேன்.

“அவளுக்குக் கண்ணு...?”

“கொஞ்சம் கொஞ்சமா மங்கி, இப்ப சுத்தமா தெரியலடி.” மான்சாவுக்கு மெதுவாகப் பேசக்கூடத் தெரியும் என்று அன்றுதான் கண்டேன். “யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு பைபிள் மேல சத்தியம் வாங்கிட்டா. பாவம்னு யாராவது சொல்லிட்டா, வீட்டை விட்டு வெளியவே வரமாட்டா. வேற என்ன பண்றது? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கத்துறது ஒண்ணுதானே.”

பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம். டோர்காஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

“கொஞ்சம் மரியாதையா கத்தியிருக்கக் கூடாதாடி?” என்றாள் அழுதுகொண்டே.

“மரியாதையா பேசினா அவ சந்தேகப்படுவாளே!”

டோர்காஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் கூடத்துக்குப் போய், அராபா பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மீன் தட்டோடு நிலைப்படியைத் தாண்டினேன். அவ்வளவுதான், டோர்காஸின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

“அராபா, கத்திரிக்காய் வருதுடி! கையில தட்டு நிறைய மீனு, மூக்கு மேல மாவு, நடை மட்டும் இன்னும் அந்த விடுதி வாத்து நடை!”

அராபா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“நீ சொல்லணுமாக்கும்? நான்தான் அப்பவே பார்த்துட்டேனே!”