கார்டில் காலியாக இருந்த இடம்

உடைந்த பழைய போனிலிருந்து கழற்றிய மெமரி கார்டு புதுப் போனுக்குள் வந்தது.

"என்னப்பா, மூட்டையோட வர்றே?" என்றது போன்.

"பழைய வீட்டுப் படங்கண்ணே. ஒரு ஓரமா இருக்கட்டும்."

"இங்கே குடிவரணும்னா கையை வீசிட்டு வரணும். அழி எல்லாத்தையும்."

கார்டு மறுபேச்சில்லாமல் அழித்தது.

கொஞ்ச நாளில் போனுக்கு ரூட் செய்துகொள்ளும் ஆசை வந்தது. கம்பெனி போட்ட பூட்டை உடைத்துவிட்டால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் பூட்டு உடைந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்று தெரிந்ததும் படங்களையெல்லாம் அவசரமாகக் கார்டுக்கு நகர்த்தியது.

"பத்திரம்டா தம்பி."

"வைங்கண்ணே, இடம் காலியாத்தானே இருக்கு."

ரூட் ஆகி எழுந்த போனுக்கு எதுவுமே ஞாபகமில்லை. கார்டு ஒவ்வொரு படமாக எடுத்துக் கொடுத்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. அதில், போன் புதிதாக வந்த அன்று எடுத்த ஒரு படத்தில், கண்ணாடி நொறுங்கிய போன் ஒன்று மேசைமேல் கிடந்தது.

"இது யாருடா?"

"நான் முன்னாடி இருந்த வீடுண்ணே."

"அங்கேயிருந்து நீ படம் எதுவும் கொண்டுவரலையா?"

கார்டு தயங்கியது. "கொண்டுவந்தேன். நீங்கதான் அழிக்கச் சொன்னீங்க."

போன் மெல்லக் கேட்டது: "என்ன படம்டா அதெல்லாம்?"

"தெரியலைண்ணே. அதான் அழிச்சாச்சே."

போன் தன் திரை வெளிச்சத்தை முடிந்தமட்டும் குறைத்துக்கொண்டது.