இன்னும் கொஞ்சம் குறைங்க

எபனேசர் தானே பலகை அறுத்துச் செய்த ஸ்பீக்கர் பெட்டியில் ஒரு பெண்ணின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உச்ச சுருதியில் வரும் ஒலிகளுக்காக அவன் வைத்த சின்ன ஸ்பீக்கரான டுவீட்டர் மட்டும் அவனுக்குக் கேட்கவே இல்லை. சத்தத்தை அடக்கிவைக்கும் ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அதன் சத்தத்தைக் கூட்டினான்.

"காதுல ஊசி வச்சுக் குத்துற மாதிரி இருக்குங்க," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த மனைவி ஜெசிந்தா.

பழுது பெட்டியில் இல்லை என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. கழற்றியதையெல்லாம் திரும்பப் பற்றவைக்கத் தொடங்கினான்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் குறைங்க."

அவனுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. இன்னொன்றைச் சேர்த்துவிட்டு மறுபடியும் அவளிடம் கேட்டான். திரும்பிப் பார்த்தால், அவள் கையில் பூனைமுடி மொத்தமும் எழுந்து நின்றது.

"அந்தம்மா ஒவ்வொரு வரிக்கு முன்னாலயும் மூச்சு இழுக்குறாங்க," என்றாள் அடங்கிய குரலில். "பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு. உங்களுக்குக் கேக்குதா?"

அவன் எழுந்து வந்து அவள் முன்கையில் விரல்களை வைத்தான். பாட்டு ஒரு வரி முடிந்து நின்றது. அடுத்த வரி தொடங்குவதற்குச் சற்று முன், அவன் விரல்களுக்கடியில் அவள் தோல் சிலிர்த்தது.

"கேக்குது," என்றான்.