சுண்ணாம்புப் பாறை கட்டிய மண்டபம்

பூமிக்கு அடியில் சுண்ணாம்புப் பாறையும் அதன் தலைமேல் நிலக்கரியும் குடியிருந்தன. வயதில் மூத்தது என்பதால் பாறைக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு.

ஒருநாள், கரியின் வழியாக வந்து புளித்துப்போயிருந்த தண்ணீர், பாறையின் விரிசலருகே நின்று கும்பிட்டது.

"ஐயா மாதிரி உறுதியான ஆளை நான் பார்த்ததே இல்லை. ஒரு ஓரமா இருந்துக்கறேன்."

பாறை உச்சி குளிர்ந்து இடம் விட்டது. தண்ணீர் தினமும் புகழ்ந்தது, புகழ்ந்தபடியே அரித்தது. சில லட்சம் வருஷத்தில் விரிசல் அறையானது, அறை மண்டபமானது.

"டேய் கரி, எனக்குள்ளே மண்டபமே இருக்கு. உனக்கு என்னடா இருக்கு?"

"அண்ணே, மண்டபம் இருக்கிற இடத்துல முன்னாடி என்ன இருந்தது?"

"நான்தான் இருந்தேன்."

"இப்போ?"

"வயித்தெரிச்சல் பிடிச்சவனே!"

அந்த வாரமே சுரங்கக்காரர்கள் கரிக்கு வெடி வைத்தார்கள். மண்டபத்தின் கூரை இடிந்தது. கரியும் தலைகுப்புற உள்ளே விழுந்தது. தண்ணீர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் சுரங்கத்துக்குள் பாய, சுரங்கக்காரர்கள் தலைதெறிக்க ஓடினார்கள்.

இடிபாட்டுக்குள்ளிருந்து பாறையின் குரல் கேட்டது:

"வந்ததுதான் வந்தே, சுவர்ல சாயாதே. கரி ஒட்டும்."