கோடு போட்ட சட்டை

சித்தாள் வேலைக்குப் போகும் பெண்கள் புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். பூங்காவனத்தின் புருஷன் வீட்டைவிட்டுப் போய் வருஷக்கணக்காகிறது. செத்தான் என்றும் தகவல் இல்லை. ஒற்றைக் கதவு பீரோவில் அவன் விட்டுப்போன சட்டைகளை ஒவ்வொன்றாக வேலைக்குப் போட்டுப்போய் சிமெண்டில் நைய விட்டாள். கோடு போட்டது ஒன்றுதான் மிச்சம். வந்தால் மாற்றிக்கொள்ள ஒன்று வேண்டுமே என்று அதைத் தொடாமல் பீரோவிலேயே தொங்க விட்டிருந்தாள்.

"அந்த எடத்தக் குடும்மா, என் யூனிபார்ம் கசங்குது" என்று மகள் துர்கா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

நேற்று வேலைச் சட்டை முதுகில் முழுசாகக் கிழிந்தது. இன்று காலை கோடு போட்டதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கூட வேலை செய்யும் அலமேலு பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, மாமாவையும் வேலைக்கு இட்டாந்துட்டியா?"

"வூட்ல சும்மாதான தொங்கினு இருந்தாரு."

எல்லோரும் சிரித்தார்கள். முதல் சட்டிக் கலவை தோளில் வழிந்தது. பூங்காவனம் துடைக்கவில்லை.

சாயங்காலம் பீரோவில் யூனிபார்ம் தொங்கியது.

"அப்பா வந்தா இன்னாம்மா போட்டுக்கும்?"

"போட்டுனு வர்றதையே தொவச்சிப் போட்டுக்கட்டும்."

சட்டையைக் கழற்றாமலே அவள் உலை வைத்தாள்.