வசந்தாவின் சிவப்பு அட்டை

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் வசந்தா சிவப்பு அட்டையைத் தூக்கிவிட்டாள்.

அரவிந்தனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது.

வேப்பம்பட்டு ஸ்டேஷனிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பதினான்கு குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய மூன்று ஏக்கர். இயற்கையோடு வாழப்போகிறோம் என்று ‘தும்பை வனம்’ எனப் பெயரெல்லாம் வைத்தாயிற்று. வீடு கட்டிக் குடிவந்தது வசந்தாவோடு சேர்த்து நாலே குடும்பம். மீதிப் பேர் இன்னும் வரைபடத்தில்தான் குடியிருக்கிறார்கள்.

“காரணமாவது சொல்லுங்களேன்க்கா.”

“எனுக்கு ஒப்பல நைனா. அவ்ளோதான்.”

விஷயம் இதுதான். எல்லா வீட்டுக் குளியல் தண்ணீரும் சமையல் தண்ணீரும் ஒரே பள்ளத்தில் போய் விழ வேண்டும். அதில் கல்வாழை வளர்த்து, தண்ணீரைச் சுத்தமாக்கித் தோட்டத்துக்கு விடலாம். வடக்கு மூலைதான் தோது என்று அரவிந்தன் லேப்டாப்பில் அழகாக வரைந்து வைத்திருந்தான். மழைக்கு முன்னால் வெட்டாவிட்டால் இந்த வருஷம் ஒரு வேலையும் நடக்காது. இரண்டு குடும்பங்கள் மனையை விற்றுவிட்டுப் போகிறோம் என்று இப்போதே முணுமுணுக்கின்றன.

ஆனால் தும்பை வனத்தில் சட்டம் என்றால் சட்டம். ஒருத்தர் சிவப்பு அட்டை காட்டினாலும் முடிவு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போகும். எதையும் வட்டமாக உட்கார்ந்து முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், வாட்ஸப் செல்லாது. வராதவர்களுக்குச் சம்மதம் என்று அர்த்தம். அவர்களுக்காக வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அத்தனையும் அரவிந்தன் எழுதி, கூட்டம் நடக்கும் ஷெட்டின் தகரத்தில் ஒட்டியது. ஒட்டும்போது அவனுக்கு அவ்வளவு பெருமை.

கூட்டம் கலைந்ததும், குறிப்பு எழுதும் ஹேமாவதி டீச்சர் அவனை ஓரமாகக் கூப்பிட்டாள்.

“போன மாசம் மாட்டுக் கொட்டாய் கேட்டாங்க, வேணாம்னுட்டோம். அந்தக் கோவத்தை இதுல காட்டுறாங்க. ஊர்ல பழைய குடும்பம் பாருங்க, நெலம் வெச்சிருந்த திமிரு.”

“அதுக்கு என்ன பண்றது மேடம்?”

“அட்டையத் திரும்ப வாங்கிடுவோம். அடுத்த வாரம் தீர்மானம் போடுங்க. அவங்களப் பத்தின தீர்மானத்துல அவங்களே எப்படி அட்டை காட்ட முடியும்?”

அரவிந்தனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்தத் தைரியத்தில் பொக்லைன் வண்டிக்கே சொல்லிவைத்துவிட்டான்.

நாலாவது ஞாயிறு. வண்டி வந்து வாசலில் நின்றது. அரவிந்தன் தீர்மானத்தை வாசிக்கத் தொண்டையைச் செருமினான். அந்த நேரம் பார்த்து பைக்கை நிறுத்திவிட்டு, கம்பெனி யூனிஃபார்மோடு ஓடிவந்தான் டில்லிபாபு. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. மூன்று ஞாயிறாக டூட்டி என்று ஆளையே காணோம்.

அவனைப் பார்த்ததும் வசந்தா எழுந்தாள். நேரே வந்து அட்டையை அரவிந்தன் கையில் திணித்தாள்.

“இந்தா நைனா, நீயே வெச்சுக்கோ. அவன் வந்துட்டான்ல, அவனைக் கேளு.”

அரவிந்தன் விழித்தான். வடக்கு மூலையில், தும்பை வனத்திலேயே சின்ன மனை யாருடையது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

டில்லிபாபு கூச்சத்தோடு ஆரம்பித்தான்.

“அந்தப் பள்ளம் நாங்க கட்டப்போற ஊட்டு வாசலாண்ட வேணாம்ணா.”

“டில்லி, அது சாக்கடை இல்லப்பா. செடி வெச்சு சுத்தம் பண்றது.”

“தெரியும்ணா, நல்ல விசயம்தான். ஆனா நாங்க கால்வா ஓரமே பொறந்து வளந்தவங்க. எங்க தாத்தா, எங்கப்பா, நானு... மூணு தலமொறையா ஊர்த் தண்ணி அத்தினியும் எங்க வாசல்லதான் ஓடிச்சு. இங்கியாவது வேற மாரி இருக்கட்டும்னுதான் மனை வாங்கினேன்.”

டில்லிபாபு வசந்தாவைக் கைகாட்டினான்.

“அக்காகிட்டதான் பொலம்பினேன். ‘நீ லீவு வாங்கிகினு வா, அதுவரிக்கும் நான் புடிச்சு வெக்கிறேன்’னாங்க.”

ஹேமாவதி குறிப்பு நோட்டை மூடினாள். “இதை நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா?”

“வராதவனுக்காகப் பேசக்கூடாதுன்னு ஒட்டி வெச்சிகீறீங்களே டீச்சர்! பேசுனாத்தானே தப்பு? அட்டையத் தூக்குனா தப்பில்லையே.”

யாரோ சிரித்துவிட்டார்கள். அரவிந்தனுக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிற ஒருத்தன் இருப்பான் என்று சட்டம் எழுதிய புத்திசாலிக்குத் தோன்றவே இல்லையே! தீர்மானக் காகிதத்தை நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்தான்.

பிறகு லேப்டாப்பைப் பார்த்தான். தண்ணீர் சரிந்து ஓடும் வாட்டத்துக்கு இன்னும் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. கிழக்கு ஓரம். அதற்கு நேர் எதிரே வசந்தாவின் சமையல்கட்டு ஜன்னல்.

எல்லோரும் வசந்தாவையே பார்த்தார்கள். அவள் கையில் அட்டை இல்லை. இப்போது முடிவு எடுத்துவிட்டால் தடுக்க ஆள் கிடையாது.

அரவிந்தன் எழுந்து போய் அட்டையை அவளிடமே நீட்டினான்.

“அக்கா, கிழக்கால வெச்சா உங்க சமையல்கட்டுக்கு நேரா வருது. புடிங்க இதை. வேணாம்னா தாராளமா தூக்குங்க. மழை வந்தா வந்துட்டுப் போவுது.”

வசந்தா அட்டையை வாங்கவில்லை. ஷெட்டுக்கு வெளியே போய்ப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கையை ஆட்டினாள்.

“யோவ் வண்டிக்காரரே! இப்டி கெழக்கால வாய்யா!”

பொக்லைன் உறுமிக்கொண்டு கிளம்பியது. டில்லிபாபு விசில் அடித்தான். ஷெட்டே அதிரக் கைதட்டினார்கள்.

அரவிந்தன் பின்னாலேயே ஓடினான். “அக்கா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“அவனைத்தான் நீ கேக்கல. என்னைக் கேட்டுட்டே இல்ல? வெட்டு நைனா!”