மூன்று வருடம் தள்ளி

தொலைபேசி அடித்தபோது லோவெலுக்கு எட்டு நிமிடம் மிச்சமிருந்தது.

அதற்குள் கல்லூரி முடித்த பையன்களில் ஒருவனை, தான் மேலாளராக இருக்கும் ஒமாஹா அணிக்கு எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் தன் முறையை வேறு அணிக்கு விற்றுவிட வேண்டும். அணிகள் சுற்றுச் சுற்றாக முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்ட் நாளில் வேறு வழி கிடையாது.

பையன் தயாராக இருந்தான். கேடன் ஸ்வோபோடா, குவாட்டர்பேக்; அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன்.

ஒமாஹா அணியின் நிபுணர்கள் ஒரு வருடமாக அவனை ஆராய்ந்திருந்தார்கள். கையை விரிக்கச் சொல்லி, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை அளந்தார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சரைத் தேடிப் போய் விசாரித்தார்கள். நீ ஒரு சமையல் பாத்திரமாக இருந்தால் எந்தப் பாத்திரம் என்று கேட்டார்கள்.

வாணலி என்றான்.

வாணலி என்றால் சூடு தாங்குவான் என்றார்கள் அறையில் பாதிப் பேர். அடிப்பிடித்துவிடுவான் என்றார்கள் மீதிப் பேர். பந்தை அருமையாக எறிகிறான் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. அதனால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

முதலாளி ப்ரூயிட் மூலையில் உட்கார்ந்து விலா எலும்பு கடித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் லோவெல் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, சாஸை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார்.

காலையில் அண்ணி டார்லா போன் செய்ததிலிருந்து லோவெல் எதுவும் சாப்பிடவில்லை. டிராஃப்ட் பதற்றம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது அழைத்தது அண்ணன். வெர்ன், லூயிவில் அணியின் மேலாளர். சின்ன வயதில் தம்பியின் புது சைக்கிளை ஒரு தவளைக்கு வாங்கியவர். அந்தத் தவளையும் தம்பியுடையதுதான்.

"என்னடா, உங்க வாணலி எப்படி இருக்கான்? எங்ககிட்ட பிரஷர் குக்கர்னு சொன்னான்."

வெர்னுக்குப் பையன் வேண்டும். பதிலுக்கு இன்று தங்களுக்கு வரப்போகும் பதினோராவது முறையைத் தருவார். நாளைக்கு வரும் இரண்டாம் சுற்று முறையையும் தருவார். அதற்கு மேல் பையன் ஒரு சல்லிக்காசு பெறமாட்டான் என்றார்.

லோவெல் அதை அறைக்குச் சொன்னார். போதாது, அடுத்த வருடத்து முதல் சுற்றையும் பிடுங்கு என்று எல்லோரும் சைகை காட்டினார்கள். ப்ரூயிட் எலும்பாலேயே காட்டினார்.

லோவெல் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் வேண்டாம் அண்ணே. மூணு வருஷம் தள்ளி வர்ற முதல் சுற்று குடு."

அறையில் ஒருவர் தலையில் கைவைத்தார்.

இந்தத் தொழிலில் எதிர்காலம் மலிவு. அடுத்த வருடத்து இரண்டாம் சுற்று, இந்த வருடத்து மூன்றாம் சுற்றுக்குத்தான் சமம். வருடம் தள்ளத் தள்ள விலை இறங்கும். அப்போதும் இதே நாற்காலியில் இருப்போம் என்று எந்த மேலாளரும் நம்புவதில்லை. அதனால் மூன்று வருடம் தள்ளி இருப்பதைக் கேட்டால், அடுத்து வருகிறவன் தலையில் விடியட்டும் என்று சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள்.

வெர்ன் சிரிக்கவில்லை. உடனே கொடுக்கவும் இல்லை.

தவளைக்குப் பழிவாங்குகிறாயா என்று கேட்டார். இல்லை என்றார் லோவெல். அப்புறம் அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம். குரல் இறங்கியது.

"டார்லா சொல்லிட்டாளா?"

அறையில் ஒருவர் நான்கு நிமிடம் என்று விரல் காட்டினார்.

"டாக்டர் எனக்குச் சொல்ற கணக்குக்கு மூணு வருஷமெல்லாம் வராதுடா. ஒண்ணுன்னு வெச்சுக்கோ," என்றார் வெர்ன்.

"மூணு. நீயே போன் பண்ணி, நீயே குடுக்கணும். வேற எவன் குடுத்தாலும் வாங்க மாட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ பலமாக மூக்கைச் சிந்தினார்கள்.

"ரெண்டு."

"மூணு."

"ஒரு குக்கருக்காக என்னை மூணு வருஷம் உட்கார வெக்கிறியேடா."

"வாணலி," என்றார் லோவெல்.

வெர்ன் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி நின்றது. சரி, எழுதிக்கோ என்றார். சைக்கிளைத் திருப்பித் தர முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

லோவெல் போனை வைத்தபோது அறை முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கையில் இருந்த பையனை விட்டுவிட்டு, மூன்று வருடம் கழித்து வரப்போவதை வாங்கியிருக்கிறாயே, அதுவரை இங்கே யார் இருக்கப் போகிறார்கள் என்று கேட்டார் ப்ரூயிட். லோவெலைத்தான் சொன்னார்.

லோவெல் அவர் தட்டிலிருந்து ஒரு விலா எலும்பை எடுத்துக் கடிக்க ஆரம்பித்தார். நல்ல பசி.

மூன்று வருடத்துக்கு மேல் தள்ளி எதையும் விற்கவோ வாங்கவோ கூடாது என்பது லீக்கின் விதி.

அனுமதித்திருந்தால் முப்பது கேட்டிருப்பார்.